சுங்கானுக்கு ஒரு சுடர்: மலிவான நெருப்பின் வரலாறு

அடுப்பில் எரியும் நெருப்பையும் அகலில் ஒளிரும் நெருப்பையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். வேள்வித் தீயைப் பற்றியும் நூல்கள் உண்டு. ஆயின், மனிதன் தன் மடியிலும் சட்டைப் பையிலும் சுமந்து திரிந்த சிறு நெருப்பின் வரலாறு நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அச்சிறு நெருப்பை வளர்த்தெடுத்தவர்களுள் சுங்கான் பிடிப்போர்க்குத் தனி இடம் உண்டு. 'பைப்' என்று இன்று பலரும் வழங்கும் புகைக்குழாயையே தமிழில் சுங்கான் என்கிறோம். அதற்கு ஏற்றதும் எளியோர் வாங்கத்தக்கதுமான ஒரு தீக்கருவியைத் தேடி உலகம் நானூறு ஆண்டுகள் நடந்த பாதையை நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

புகைபிடித்தலைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று என்பதை முதற்கண் தெளிவுபடுத்துதல் வேண்டும். சுங்கான் பிடிப்போரின் உதட்டில் புற்றுநோய் தோன்றுவதைச் செருமானிய மருத்துவ அறிஞர் சொமரிங் 1795ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்தார். 1962இல் இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரும் வெளியிட்ட அறிக்கைகள் புகையின் கேட்டை ஐயத்திற்கு இடமின்றி நிறுவின. எனினும், ஒரு பழக்கம் தீயதாயினும் அப்பழக்கத்தைச் சுற்றி வளர்ந்த கருவிகளின் வரலாறு கற்கத்தக்கதே. அவ்வரலாற்றுள் வேதியியலும் உண்டு, வணிகமும் உண்டு, உழைக்கும் மக்களின் கண்ணீரும் உண்டு. 'விலை மலிவு' என்று கடைக்காரர் கூறும்போது 'எவருக்கு மலிவு?' என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்க்கு ஊட்ட இவ்வரலாறு பெரிதும் துணை செய்யும்.

சுங்கானின் தேவை

வெண்சுருட்டை ஒருமுறை பற்றவைத்தால் அது முடியுமட்டும் தானே எரியும். அதனுள் இருக்கும் புகையிலை நுண்ணியதாக நறுக்கப்பட்டது. சுற்றியிருக்கும் தாளும் எரிவதற்கென்றே செய்யப்பட்டது. சுங்கான் அத்தகையதன்று. கிண்ணத்தில் புகையிலையைத் திணித்து முதலில் மேற்பரப்பைக் கருகச் செய்வர். சூடு பட்டதும் புகையிலை பொங்கி மேலெழும். அதனை மெல்ல அழுத்திவிட்டு இரண்டாம் முறை பற்றவைப்பர். இடையில் பேச்சு நீண்டால் அணைந்துபோகும். மீண்டும் தீ வேண்டும். ஒரு கிண்ணப் புகையிலைக்கு நான்கைந்து முறை தீ தேவைப்படுவது இயல்பு.

ஆகவே, சுங்கானுக்கு உரிய தீக்கு நான்கு இலக்கணங்கள் அமைந்தன. முதலாவது, சுடர் கீழ்நோக்கி வளைந்து கிண்ணத்துள் இறங்க வேண்டும். இரண்டாவது, எரிபொருளின் நாற்றம் புகையிலையிற் கலத்தல் ஆகாது. மூன்றாவது, சுடர் மென்மையாக இருத்தல் வேண்டும். கடுஞ்சுடர் கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும். நான்காவது, அடிக்கடி தேவைப்படுவதால் அது மலிவாக இருத்தல் வேண்டும். இந்நான்கினுள் நான்காவதே வரலாற்றைப் பெரிதும் இயக்கியது எனலாம்.

கங்கும் சக்கிமுக்கியும்

1492இல் கொலம்பசின் குழுவினர் மேற்கிந்தியத் தீவுகளில் புகையிலையைக் கண்டனர். அடுத்த நூறாண்டுக்குள் இங்கிலாந்திலும் ஆலந்திலும் களிமண் சுங்கான்கள் பெருகின. அக்காலத்துப் புகைப்போர்க்குத் தீ எங்கிருந்து கிடைத்தது? கணப்படுப்பிலிருந்து கிடைத்தது. சிறு இடுக்கியால் ஒரு கங்கை எடுத்துக் கிண்ணத்தின் மேல் வைப்பர். அன்றி, மெல்லிய மரச்சீவலையோ முறுக்கிய தாளையோ அடுப்பில் நீட்டி எடுப்பர். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வரைந்த மேசைக் காட்சிகளில் களிமண் சுங்கானுக்கு அருகே கங்கு நிறைந்த சிறு தணற்சட்டியும் சில மரச்சீவல்களும் இடம்பெற்றிருப்பதை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். அத்தீக்குத் தனியே விலை ஏதும் இல்லை. ஆனால், அடுப்பை விட்டு அகன்றவர்க்கு அத்தீயும் இல்லை.

வெளியிற் செல்வோர் சக்கிமுக்கிக் கல்லையும் எஃகுத் துண்டையும் கருக்கிய துணியையும் ஒரு பெட்டியில் இட்டுச் சுமந்தனர். கல்லையும் எஃகையும் உரசப் பிறக்கும் பொறியைத் துணியில் ஏற்று, ஊதிக் கனலாக்கி, கந்தகம் தோய்த்த குச்சியை அதில் வைத்துச் சுடர் பெறுவர். காற்றும் ஈரமும் இல்லாத நாளிலேயே இதற்குப் பொறுமை வேண்டும். மழை நாளிலோ சொல்ல வேண்டுவதில்லை. தமிழர்க்கும் இத்தகைய கருவிகள் புதியன அல்ல. கடைந்து தீயெழுப்பும் கோலை 'ஞெலிகோல்' எனச் சங்கப் புலவர் வழங்கினர். கல்லும் எஃகும் கொண்டு எழுப்புவதைச் சக்கிமுக்கி என்னும் சொல் நம் நாள்வரை காத்து வருகிறது.

மலாய் மண்ணின் தீக்கருவி

ஐரோப்பியர் சக்கிமுக்கியோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில், தென்கிழக்காசிய மக்களிடம் அதனினும் நுட்பமான ஒரு கருவி இருந்தது. மலாய் மொழியில் அதனைக் 'கோபெக் ஆப்பி' என்பர். வெற்றிலை பாக்கை இடிக்கும் சிறு உருளையும் கோபெக் என்றே வழங்கும். வடிவ ஒப்புமையால் இப்பெயர் பொருந்துகிறது. எருமைக் கொம்பு, மரம், ஈயம் முதலியவற்றால் ஆன ஒரு விரல் நீள உருளை. அதனுள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு சிறு குழி. அக்குழியில் பனையினத்து மரத்தின் பஞ்சு போன்ற துகளை வைத்து, தண்டை ஓங்கி அடித்து, உடனே வெளியே இழுத்தால், துகள் கனன்றுகொண்டிருக்கும். அக்கனலில் புகையிலையைப் பற்றவைப்பர்.

இதன் நுட்பம் யாது? காற்றைத் திடீரென அழுத்தினால் அதன் வெப்பம் மிகும்; அவ்வெப்பத்தில் துகள் தீப்பற்றும். பிற்காலத்தில் ருடால்ப் டீசல் அமைத்த பொறியிலும் எரிபொருள் தீப்பற்றுவது இதே நெறியால்தான். நம் சாலைகளில் ஓடும் பேருந்தையும் பழைய காட்டுவாசியின் புகையிலைப் பையில் இருந்த சிறு கருவியையும் ஒரே இயற்பியல் விதி ஆள்கின்றது. அறிவியல் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

ஐரோப்பாவில் அழுத்தத்தால் தீ பிறப்பதை 1800களின் தொடக்கத்தில்தான் அறிஞர் ஆராயத் தொடங்கினர்; 1807இல் இங்கிலாந்தில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆக்சுபோர்டு நகரின் பிட் ரிவர்சு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹென்றி பால்போர், பருமா முதல் மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, சாவா, போர்னியோ ஈறாக இக்கருவி பரவியிருந்தமையை 1907இல் ஒரு கட்டுரையில் தொகுத்துரைத்தார். கொம்பும் மரமும் காட்டிலும் கொல்லையிலும் கிடைப்பவை, துகளும் அவ்வாறே. எரிபொருள் வாங்க வேண்டா. எவர்க்கும் தீங்கும் இல்லை. உண்மையில் மலிவான தீ இதுவே எனலாம். ஆனால், இதைச் செய்யக் கைத்திறன் வேண்டும். தண்டு சிறிதே தளர்ந்தாலும் காற்று கசிந்து தீ பிறவாது. கடையில் வாங்கும் தீக்குச்சி வந்தபின் கோபெக் ஆப்பி மெல்ல மெல்ல அருங்காட்சியகத்துள் புகுந்துவிட்டது.

குச்சியின் பிறப்பு

தீக்குச்சியின் கதை 1669இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டு ஆம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்டு என்பார் பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சிப் பாசுபரசைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1826இல், இங்கிலாந்தின் சுடாக்டன் நகரில் மருந்துக் கடை வைத்திருந்த ஜான் வாக்கர், உரசினால் தீப்பற்றும் குச்சியைக் கண்டார். அதில் பாசுபரசு இல்லை. 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் முதல் விற்பனை அவருடைய கணக்கேட்டில் பதிவாகியுள்ளது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பிறர் அதனைப் படியெடுத்துப் பொருள் ஈட்டினர்.

இதற்கு முன்பே, 1823இல், செருமானிய நாட்டு யேனாப் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் டோபரைனர் ஒரு தீவிளக்கை அமைத்திருந்தார். துத்தநாகமும் கந்தக அமிலமும் கூடி ஐதரசன் வளியை உண்டாக்கும். அவ்வளி நுண்துளை மிக்க பிளாட்டினத்தின் மேற்பட்டுத் தானே தீப்பற்றும். இன்றைய லைட்டரின் மூதாதை இதுவே. ஆனால், மேசைமேல் வைக்கும் கண்ணாடிப் பாத்திரமும் அதனுள் அமிலமும் பிளாட்டினமும் எளியோர்க்கு உரியன அல்ல. லைட்டர் குச்சிக்கு முன்பே பிறந்தும், மலிவின்மையால் குச்சிக்கு வழிவிட்டு நின்றது.

1830களில் வெண்பாசுபரசு சேர்ந்த குச்சிகள் பிரான்சில் தோன்றி எங்கும் பரவின. அவை எங்கு உரசினாலும் எரிந்தன, விலையும் விழுந்தது. சுங்கான் பிடிப்போர் மகிழ்ந்தனர். குச்சியைத் தலைகீழாகச் சாய்க்கலாம். முனையிலுள்ள மருந்து எரிந்து தீரும்வரை ஒரு நொடி பொறுத்தால் நாற்றமும் இராது. மரத்தின் சுடர் மென்மையானது. முன்னர்க் கூறிய நான்கு இலக்கணங்களும் ஒருங்கே அமைந்த முதற் கையடக்கத் தீ இதுவே. அதனாற்றான் இன்றுகூடச் சுங்கானில் தேர்ந்தவர் பலர் தீக்குச்சியையே விரும்புகின்றனர்.

மலிவுக்கு விலை கொடுத்தவர்கள்

அம்மலிவுக்கு விலை கொடுத்தவர் வேறு. வெண்பாசுபரசின் ஆவியை நாள்தோறும் முகர்ந்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகத் தொடங்கியது. பல்வலியில் தொடங்கி, சீழ் பிடித்து, முகமே சிதையும் அக்கொடிய நோயைப் 'பாசுபரசுத் தாடை' என்பர். அந்நோய்க்கு ஆளானவருள் பெண்களும் சிறுமியரும் பலர்.

1888ஆம் ஆண்டு சூன் திங்களில் அன்னி பெசண்டு அம்மையார் இலண்டன் நகரத் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் குறைந்த கூலியையும் அவர்கள் மீது விதிக்கப்பட்ட தண்டங்களையும் வெளிப்படுத்தி எழுதினார். அடுத்த திங்களில் பிரையண்டு அண்டு மே நிறுவனத்தின் ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். இவ்வம்மையாரே பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவரானவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும், வேலைநிறுத்தத்தின் வெற்றி தண்டங்களை நீக்கியதேயன்றி வெண்பாசுபரசை உடனே நீக்கவில்லை.

தீங்கற்ற வழி அப்போதே தெரிந்திருந்தது என்பதே இவ்வரலாற்றின் கொடுமை. சிவப்புப் பாசுபரசைக் குச்சியில் வையாது பெட்டியின் பக்கத்தில் பூசும் காப்புக் குச்சிக்குச் சுவீடன் நாட்டு பாசு என்பார் 1844இல் காப்புரிமை பெற்றார். அதே நாட்டு யோன்சோப்பிங் நகரத்து லுண்டுசுடுரோம் உடன்பிறப்பினர் அதனை வளர்த்து, 1855இல் பாரிசு உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றனர். 1891இல் இரட்சணிய சேனை இலண்டனில் சிவப்புப் பாசுபரசைக் கொண்டு ஒரு தொழிற்சாலை தொடங்கி, நல்ல கூலியும் கொடுத்தது. ஆனால், அக்குச்சியின் விலை சற்றுக் கூடுதல். வாங்குவோர் மலிவானதையே நாடினர். 1901இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. சில காசுகளை மிச்சப்படுத்திய வாங்குவோருள் எவரும் கொடியவர் அல்லர். கடையில் நின்ற அவர்தம் கண்ணுக்குத் தாடை அழுகிய பெண் தெரியவில்லை, அவ்வளவே.

இறுதியில் சட்டமே துணை நின்றது. பிரையண்டு அண்டு மே நிறுவனம் 1901இல் வெண்பாசுபரசைக் கைவிட்டது. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் அதனைத் தடைசெய்ய உடன்பட்டன. பிரிட்டன் 1908இலும் இந்தியா 1913இலும் சட்டம் இயற்றின. தீங்கற்ற மாற்று மருந்துக்குத் தான் வைத்திருந்த காப்புரிமையை அமெரிக்காவின் டயமண்டு நிறுவனம் 1911இல் பொதுநலம் கருதி விட்டுக்கொடுத்தது. வணிகத்திலும் அறம் உண்டு என்பதற்கு இது சான்று.

சிவகாசியின் பங்கு

இனி நம் இனத்தாரின் பங்கை நோக்குவோம். 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். மழை குறைந்து, வேளாண்மை நலிந்து, வெயில் மட்டும் மிகுந்த ஊருக்கு அத்தொழில் பொருந்தியது. நனைந்த மருந்தை உலர்த்த வெயில்தானே வேண்டும்! சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உண்டு உடுத்தன. சுவீடன் நாட்டு முதலீட்டில் இயங்கிய பெருநிறுவனத்தின் பொறிகளோடு, கைத்தொழிலையே நம்பிய இச்சிற்றூர்கள் போட்டியிட்டு நிலைத்தமை பெருமைக்குரியது.

அப்பெருமையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டியில் குச்சி நிரப்புவதும் சிறு விரல்களுக்கு எளிய வேலைகள். ஆகவே, பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் விடியுமுன்பே தீப்பெட்டி ஆலைக்குச் சென்றனர். நம் பள்ளிகளில் முதலாம் வகுப்பு மாணவர்க்கு எண்ணக் கற்பிக்கத் தீக்குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பயன்படுத்தியதை முதிய ஆசிரியர் அறிவர். பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு நூறு. ஒரு பிள்ளை எண்ணக் கற்ற குச்சியை, எண்ணக் கற்க வாய்ப்பற்ற இன்னொரு பிள்ளை பெட்டியில் இட்டிருத்தல் கூடும். அறியாமல் நிகழ்ந்ததெனினும், இது ஆசிரியர் உள்ளத்தைச் சுடாமல் விடாது.

1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை அமர்த்துவதைத் தடைசெய்தது. சிவகாசிச் சிறுவரை முன்னிட்டு வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சிறுவரை வேலைக்கு அமர்த்தியோர் இழப்பீடு செலுத்தவும் அச்சிறுவர் கல்வி பெறவும் ஆணையிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்பதும் தொழிலைக் காப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை இத்தீர்ப்புக்குப் பிந்திய காலம் காட்டியது. எனினும், மலிவின் கணக்கு மாறியது. 2007 முதல் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டியின் விலை 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரண்டு ரூபாய் ஆயிற்று.

சக்கரமும் கல்லும்

தீக்குச்சி கோலோச்சிய காலத்தில் லைட்டர் மீண்டும் தலையெடுத்தது. 1903இல் ஆசுதிரிய வேதியியலார் கார்ல் அவுவர் பான் வெல்சுபாக் என்பார் சீரியம் முதலிய அருமண் உலோகங்களை இரும்போடு கலந்து, உரசினால் பொறி சிந்தும் ஓர் உலோகக் கலவையைப் படைத்தார். லைட்டரில் நாம் 'கல்' என்று கூறுவது உண்மையில் கல் அன்று, இக்கலவையே.

இதற்கும் தமிழ் மண்ணுக்கும், நாம் வாழும் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. வளி விளக்கின் மேண்டிலைக் கண்டவரும் அவுவரே. மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் என்னும் மணலிலிருந்து பிரித்தபின் எஞ்சிய அருமண் உலோகங்களுக்குப் பயன் தேடியபோதே இந்தப் பொறிக்கல் பிறந்தது. 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் இருப்பதைச் செருமானியரான சோம்பெர்க் கண்டறிந்தார். அதைப் பிரித்தெடுக்கும் பணி மணவாளக்குறிச்சியில் தொடங்கிற்று. அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் உள்ளது. மலேசிய ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலாகிய அமாங்கிலும் இதே மோனசைட் கலந்துள்ளது. வீணென ஒதுக்கிய மணலுக்குள் பொறி உறங்கிக் கிடந்தது!

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பெட்ரோல் லைட்டர் வீரரின் துணையாயிற்று. 1932இல் அமெரிக்காவின் பிராட்போர்டு நகரில் ஜார்ஜ் பிளேசுடெல் தொடங்கிய சிப்போ நிறுவனம், 1933இல் தன் முதல் லைட்டரை 1.95 டாலருக்கு விற்றது; பழுதானால் இலவசமாகச் செப்பனிட்டுத் தருவதாக உறுதியும் கூறியது. அது காற்றை எதிர்த்து நின்றது. ஆனால், அதன் சுடர் மேல்நோக்கியே எழும். பெட்ரோலின் நாற்றம் முதல் இழுப்பிற் கலக்கும். இக்குறையைக் குறைக்கப் பின்னர்ப் பக்கத்தில் துளையுள்ள புகைபோக்கி அமைந்த வகையை அந்நிறுவனமே வெளியிட்டது. சுங்கானை இழுக்கும்போது சுடர் அத்துளை வழியே வளையும்.

மலிவில் முந்தியது வியன்னாவின் இம்கோ லைட்டர். தகட்டால் ஆன அவ்வெளிய கருவியில் எரிபொருட் கூட்டைத் தனியே உருவி எடுக்கலாம். எரியும் திரியோடு அதனைச் சிறு மெழுகுவத்திபோற் சாய்த்துச் சுங்கானுக்குக் காட்டலாம். எளியோர்க்கென்று செய்த ஒன்று சுங்கானின் தேவையை இத்துணை நன்கு உணர்ந்திருந்தது வியப்பே. கல்லையும் திரியையும் மாற்றிக்கொண்டால் அது பல்லாண்டு உழைக்கும். 2012இல் ஆசுதிரியாவில் அதன் உற்பத்தி நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பியூட்டேன் வளி லைட்டர் பிரான்சில் தோன்றியது. அதற்கு நாற்றம் இல்லை. சுடரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சுங்கானுக்கென்றே சுடர் சாய்வாக வெளிவரும் வகைகளும் வந்தன. பின்னர் 1961இல் கிரிக்கெட், 1973இல் பிக் என்று, தீர்ந்ததும் எறிந்துவிடும் பிளாசுடிக் லைட்டர்கள் சந்தைக்கு வந்தன. நெருப்பு வரலாறு காணாத மலிவை எய்தியது.

வரியும் உரிமமும்

தீ மலிவானபோதெல்லாம் அரசுகளும் ஆலைகளும் விழித்துக்கொண்டன. 1871இல் பிரிட்டனின் நிதியமைச்சர் இராபர்ட் லோ தீக்குச்சிக்கு வரி விதிக்க முனைந்தார், குச்சித் தொழிலாளர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர், வரி கைவிடப்பட்டது. செருமனியில் சுவீடன் நாட்டுக் குரூகர் என்னும் 'தீக்குச்சி மன்னர்' கொடுத்த கடனுக்கு ஈடாக 1930இல் தொடங்கிய தீக்குச்சித் தனியுரிமை 1983 வரை நீடித்தது. போர்ச்சுகலில் 1937 முதல் 1970 வரை, பொது இடத்தில் லைட்டரைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும், இல்லையேல் தண்டம்! உள்நாட்டுத் தீக்குச்சித் தொழிலைக் காக்கவே இவ்வேற்பாடு.

இது பழங்கதை என எண்ணற்க. ஒரு பிளாசுடிக் லைட்டர் இருபது தீப்பெட்டிகளுக்கு ஈடு என்பது தென் தமிழ்நாட்டுத் தொழில் முனைவோரின் கணக்கு. அவர்தம் முறையீட்டின் விளைவாக, இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் தடைசெய்தது. போர்ச்சுகல் உரிமத்தால் செய்ய முயன்றதை இந்தியா விலை வரம்பால் செய்தது. ஒருபுறம் வாங்குவோரின் நன்மை, மறுபுறம் பல்லாயிரம் பெண்களின் கூலி. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. ஆனால், இரண்டையும் எண்ணாது முடிவு செய்வதும் முறையன்று.

பிளாசுடிக் லைட்டரின் விலையில் இன்னொன்றும் சேரவில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள மிட்வே தீவில் இறந்து கிடக்கும் அல்பட்ராசு பறவைக் குஞ்சுகளின் வயிற்றில் லைட்டர்கள் காணப்பட்டுள்ளன. கடலில் மிதப்பதை இரையென்று எண்ணித் தாய்ப்பறவை ஊட்டியதன் விளைவு அது. சில நாள் பயன்பட்ட நெருப்பு, எரியாத உடலாய்ப் பல்லாண்டு உலவுகிறது.

தேர்வு

சுங்கானுக்கு ஏற்ற மலிவான தீக்கருவி யாது என்று ஒருவர் வினவின், வரலாறு கூறும் விடை இதுவாகும். வீட்டில் அமர்ந்திருப்பவர்க்குக் காப்புத் தீக்குச்சி போதும். மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, சுடரைக் கிண்ணத்தின் மேல் வட்டமாகச் சுழற்றினாற் போதும். லைட்டரை விரும்புவோர், வளியை மீண்டும் நிரப்பத்தக்கதாகவும், கல்லை மாற்றத்தக்கதாகவும், சுடர் சாய்வாகவும் மென்மையாகவும் வருவதாகவும் உள்ள ஒன்றைத் தேர்தல் நன்று. சுருட்டுக்கென்று விற்கப்படும் ஊதுசுடர் லைட்டர் சுங்கானுக்கு ஆகாது. அதன் கடுஞ்சூடு மரக்கிண்ணத்தின் விளிம்பைச் சுட்டுவிடும். வாங்கும்போது விலை சற்றுக் கூடினும், பத்தாண்டு உழைப்பதே உண்மையில் மலிவு. இவை எல்லாவற்றினும் மலிவானது புகைக்காதிருத்தலே என்பதைத் தலைமையாசிரியன் என்ற முறையில் கூறாது விடுதற்கில்லை.

ஆனால், இவ்விடையினும் பெரிது அவ்வினா. ஒரு பொருளின் விலை மூன்று இடங்களில் எழுதப்படுகின்றது. முதலாவது, கடையின் சீட்டில். அதனை வாங்குபவர் படிக்கிறார். இரண்டாவது, செய்தவரின் உடலில்; இலண்டன் பெண்ணின் தாடையிலும் சாத்தூர்ச் சிறுமியின் பள்ளிப் பதிவேட்டு வெற்றிடத்திலும் அது எழுதப்பட்டது. மூன்றாவது, எறிந்தபின் மண்ணிலும் கடலிலும். முதல் விலையை மட்டும் படிப்பவர் கணக்கு அறிந்தவராகலாம். மூன்றையும் படிப்பவரே கற்றவர்.

நம் மாணவர்க்கு வரலாற்றைப் போர்களின் ஆண்டுகளாகவும் மன்னர்களின் பெயர்களாகவும் மட்டும் கற்பித்தல் போதாது. ஒரு தீப்பெட்டியை மேசைமேல் வைத்து, 'இதைச் செய்தவர் யார்? எங்கே? எவ்வளவு கூலிக்கு?' என்று வினவுவோமாயின், வேதியியலும் நிலவியலும் பொருளியலும் அறமும் ஒரே பாடத்தில் வந்து கூடும். பின்னர் அம்மாணவர் உடுக்கும் சட்டையையும் கையிலேந்தும் தொலைபேசியையும் பற்றித் தாமே வினவத் தொடங்குவர். அவ்வினா பிறக்கும் இடமே கல்வி பற்றிக்கொள்ளும் இடமாகும்.